பழுப்புச் சர்க்கரைக்கு மாறினால் நீரிழிவு விலகுமா?

ஏற்காட்டிலிருந்து 39 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய கணவர் காபித் தோட்டமொன்றில் கணக்கு எழுதுகிறார், வயது 46. கடந்த ஆண்டு எடுத்த பரிசோதனையில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு அவருக்கு 5.9 என்று வந்திருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ரேஷன் சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் மூன்று மடங்கு விலையில் பழுப்புச் சர்க்கரை வாங்கி வந்திருக்கிறார்கள். இந்த ஆண்டு அதே பரிசோதனையில் 6.2 வந்திருக்கிறது. வாசகிக்கு ஹீமோகுளோபின் 9.4 மட்டுமே, எச்பிஏ1சி 6.0. இரும்புச்சத்து மாத்திரை மலச்சிக்கலைத் தந்ததால் அதை நிறுத்திவிட்டு, பழுப்புச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் ரத்தத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கையில் இருக்கிறார்.

பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துவரும் 71 வயது மாமியாரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்காக, வழக்கமான காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுச் சேலத்துக்குப் பேருந்தில் வந்த ஒரு நாள், கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. கைப்பையிலிருந்த பழுப்புச் சர்க்கரையை வாயில் போட்டும் தெளிவதற்கு வெகுநேரம் ஆகியிருக்கிறது. “பழுப்புச் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்கே நிரூபணமாயிற்று, அப்படியானால் அது நீரிழிவுக்காரர்களுக்கு நல்லதுதானே?” என்று கேட்கிறார். தண்ணீரில் போட்டால் பழுப்பு நிறம் கரைந்து உள்ளே வெள்ளைக் கற்கள் தெரிவதால், தான் வாங்கியது சாயம் பூசிய கலப்படமோ என்ற ஐயமும் அவருக்கு இருக்கிறது.

அன்புள்ள சகோதரி,

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பேருந்தில் நடந்தது என்ன

உங்கள் மாமியாருக்கு அன்று ஏற்பட்டது தாழ்சர்க்கரை நிலையாகவே இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அனைத்தும் அதற்குப் பொருந்துகின்றன. நீங்கள் எழுதி அனுப்பியிருக்கும் மாத்திரைப் பெயரைப் பார்த்தேன். அதில் கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் என்று மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன. இவற்றுள் கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. சாப்பிடாமல் அதை விழுங்கினால் ரத்தச் சர்க்கரை கீழே இறங்கிவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டிய நாளில், ரத்தம் கொடுத்துவிட்டுச் சிற்றுண்டியோடுதான் அந்த மாத்திரையை எடுத்திருக்க வேண்டும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அது உங்கள் தவறு அன்று.

சர்க்கரை போட்டும் தெளியாததற்குக் காரணம் மூன்றாவது மருந்தான வோக்ளிபோஸ். நாம் உண்ணும் சர்க்கரை, வெள்ளையானாலும் பழுப்பானாலும், சுக்ரோஸ் என்னும் ஒரே பொருள்தான். அது ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் பிணைந்தது. சிறுகுடலிலுள்ள நொதி அந்தப் பிணைப்பை வெட்டிய பிறகே ரத்தத்தில் கலக்க முடியும். வோக்ளிபோஸின் வேலையே அந்த நொதியைத் தடுப்பது. ஆகவே அன்று நீங்கள் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டிருந்தாலும் இதே தாமதம்தான் ஆகியிருக்கும். அகார்போஸ் என்ற மருந்துக்கும் இது பொருந்தும். பழுப்புச் சர்க்கரை மெதுவாகக் கலப்பது என்பதற்கு அந்தக் காலைப்பொழுது நிரூபணம் ஆகாது. அந்த முடிவை வைத்துக்கொண்டு மாமியாரின் தேநீரில் தாராளமாகப் பழுப்புச் சர்க்கரை சேர்த்துவருவதை இன்றே நிறுத்துங்கள்.

இந்த மருந்தை எடுப்பவர்களின் பையில் இருக்க வேண்டியது மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி. அதற்கு நொதியின் உதவி தேவையில்லை. நடுக்கமோ வியர்வையோ தொடங்கியதும் சுமார் 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு கொடுங்கள். பொடி இல்லாத இடத்தில் தேன் உதவும், அதில் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் மாமியாருக்குச் சற்றுக் கூடியிருப்பதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகத்தின் வேலை குறைந்திருக்கும் முதியவர்களுக்குக் கிளிமெபிரைடால் சர்க்கரை தாழும் வாய்ப்பு கூடுதல். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஆனால் பேருந்தில் நடந்ததை அவருடைய மருத்துவரிடம் சொல்லி, மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும். அதற்கு அடுத்த மாதப் பரிசோதனை வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அந்த நிறம் எங்கிருந்து வருகிறது

கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பிட்டுத் தெளியவைத்து, காய்ச்சி, படிகமாக்கி, சுழலும் கூடைகளில் இட்டுப் பாகைப் பிரித்தெடுத்தால் கிடைப்பது வெள்ளைச் சர்க்கரை. பிரிந்து போகும் கரிய பாகு மொலாசஸ். மோகனூர் ஆலையானாலும் வேறு எந்த ஊர் ஆலையானாலும் இதன் அடிப்படை ஒன்றுதான். பழுப்புச் சர்க்கரை என்பது அந்தப் பாகை முழுவதும் நீக்காமல் விட்ட சர்க்கரை, அல்லது நீக்கிய பாகையே வெள்ளைச் சர்க்கரையின்மீது மறுபடியும் பூசிய சர்க்கரை. இளம்பழுப்பில் பாகு நூற்றுக்கு மூன்றரை அளவிலும், அடர்பழுப்பில் ஆறரை அளவிலும் இருக்கும். எனவே தண்ணீரில் நிறம் கரைந்து உள்ளே வெள்ளைக் கல் தெரிந்ததை வைத்து மட்டும் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. முறையாகச் செய்த பழுப்புச் சர்க்கரையும் அப்படித்தான் நடந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் உலவும் அந்தச் சோதனையால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 387 கலோரியும், பழுப்புச் சர்க்கரையில் 380 கலோரியும் உள்ளன. அந்த ஏழு கலோரி வேறுபாடும் பழுப்பில் சற்று ஈரம் கூடுதலாக இருப்பதால் வருவதே. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாகின் மணமும் லேசான கசப்பும் கேக்குக்கோ பாயசத்துக்கோ பிடித்திருந்தால் வாங்கலாம், அது சுவையைப் பொறுத்த விஷயம். மருந்தென்று நினைத்து மூன்று மடங்கு விலை கொடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வெள்ளைச் சர்க்கரையில் ரசாயனம் இருக்கிறது என்ற உங்கள் அச்சத்தையும் ஒதுக்கிவிட மாட்டேன். நம் நாட்டு ஆலைகள் பலவும் சாற்றைத் தெளியவைக்கக் கந்தக டை ஆக்சைடைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. இறுதிப் பொருளில் அது மிகச் சிறிய அளவிலேயே தங்குகிறது. அதற்கும் சட்டப்படியான வரம்பு உண்டு. வெள்ளைச் சர்க்கரையால் நமக்கு வரும் தீங்கு அந்த மிச்சத்தால் வருவதைவிட, நாம் அள்ளிப் போடும் சர்க்கரையின் அளவாலேயே வருகிறது. அந்தத் தீங்கு பழுப்புச் சர்க்கரையிலும் அப்படியே இருக்கிறது.

உங்கள் கணவரின் டம்ளர்

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வாக்கியத்தில்தான் பதில் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பு ஒரு டம்ளர் காபிக்கு இரண்டு கரண்டி வெள்ளைச் சர்க்கரை போட்டவர், பழுப்பில் இனிப்பு குறைவாகத் தெரிகிறது என்று இப்போது மூன்று கரண்டி போடுகிறார். நாளொன்றுக்கு நான்கு காபி. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கொண்டால், முன்பு நாளுக்கு 32 கிராம், இப்போது 48 கிராம். தீங்கில்லாதது என்று மனம் ஒப்புக்கொண்ட பொருளைக் கை அளந்து போடுவதில்லை. மாதக் கணக்கில் ஏறக்குறைய அரைக் கிலோ சர்க்கரை கூடுதலாக அவர் உடம்புக்குள் போயிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றுச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து மொத்த கலோரியில் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்றும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் கணவர் காபியில் மட்டுமே 48 கிராமைத் தொட்டுவிடுகிறார். பிஸ்கட்டும் பண்டிகைப் பலகாரமும் இதில் சேரவில்லை.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. 5.9-லிருந்து 6.2-க்கு ஏறியதை முழுவதும் காபிச் சர்க்கரையின்மீது சுமத்த மாட்டேன், ஏனென்றால் பரிசோதனையிலேயே சிறிய ஏற்ற இறக்கம் உண்டு. உட்கார்ந்த வேலையும் எடையும் குடும்ப வரலாறும் அதில் பங்கு கொள்கின்றன. ஆனால் மாற்றக்கூடியவற்றில் மிக எளிதானது அந்தக் கரண்டி. வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துவாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். நான்கு காபியை இரண்டாக்க முடிந்தால் வேலை பாதியாகிவிடும். சிக்கரி மிகுதியாகக் கலந்து கருக வறுத்த தூளின் கசப்பை மறைக்கத்தான் பலர் சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். சேர்வராயன் மலையில் காபிக்கொட்டைக்கு நடுவிலேயே வாழும் உங்களுக்கு, சிக்கரி இல்லாமல் மிதமாக வறுத்த தூள் கிடைப்பது கடினம் இல்லை. அதைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். காலையில் வயிற்றுக்கு லேசானது என்று நீங்கள் செய்யும் ஜவ்வரிசி உப்புமாவும் கஞ்சியும் அநேகமாக வெறும் மாவுச்சத்து. மரவள்ளிக் கிழங்கிலிருந்து நாரையும் புரதத்தையும் கழித்துவிட்டு எடுத்த பொருள். சேலத்துக்காரனான எனக்கு நம் ஊர் ஜவ்வரிசியைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆயினும் உங்கள் கணவருக்கு அது வாரத்தில் ஒருநாள் போதும். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டபோது, அவர்கள் நீரிழிவுக்குள் போகும் வாய்ப்பு சுமார் 28 விழுக்காடு குறைந்தது. நாளும் அரை மணி நேரம் வேகமாக நடப்பதற்கு ஏற்காட்டைவிட வசதியான ஊர் அதிகம் இல்லை.

ரத்தச்சோகையும் உங்கள் 6.0-உம்

100 கிராம் பழுப்புச் சர்க்கரையில் இருக்கும் இரும்பு சுமார் 0.7 மில்லிகிராம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. அதைப் பழுப்புச் சர்க்கரையிலிருந்து பெற வேண்டுமானால் நாளுக்கு நான்கு கிலோ உண்ண வேண்டும். நாட்டுச் சர்க்கரையில் இரும்பு இதைவிடக் கூடுதல்தான், ஆனால் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது, 9.4 ஹீமோகுளோபினை ஏற்றும் அளவுக்கு அதை உண்டால் நீரிழிவு முந்திக்கொள்ளும்.

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தாலே ரத்தச்சோகை; 8 முதல் 10.9 வரை நடுத்தரச் சோகை. மாதவிலக்கு எட்டு நாள் நீடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரத்தம் போகும் வழியை அடைக்காமல் இரும்பை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதில் பயன் குறைவு, ஆகவே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கல் தொந்தரவாக இருந்தால் வேறு வகை இரும்பு மருந்துக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் முறைக்கோ மாற்றித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம். மாத்திரை விழுங்கியதும் காபி குடிப்பதுதான் மலைவாசிகளிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம். காபியும் தேநீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். இடையில் ஒரு மணி நேரமாவது விட்டு, மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரும்புக் குறைவால் வரும் ரத்தச்சோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே உங்கள் 6.0-ஐ மட்டும் வைத்து உங்களுக்கு நீரிழிவுக்கு முந்தைய நிலை இருக்கிறது என்று முடிவு கட்ட மாட்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவும்தான் உங்களுக்கு நம்பகமானவை. முன்னது 100-க்குக் கீழும் பின்னது 140-க்குக் கீழும் இருந்தால், சோகை தீர்ந்த பிறகு எச்பிஏ1சியை மறுபடியும் பார்த்துக்கொள்ளலாம்.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி

இவை மொலாசஸ் நீக்கப்படாதவை. அந்த வகையில் தாது உப்புகள் கூடுதலாக உள்ளவை. ஆனால் இவற்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டி நீரிழிவுக்காரர்களுக்கு ஆகும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். மாமியாரைப் பொறுத்தவரை வெல்லத்திலுள்ள பொட்டாசியமும் கணக்கில் வர வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது தேங்கக்கூடும்.

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், காடையாம்பட்டி வட்டாரம் வெல்லத்துக்குப் பெயர்பெற்றது என்பதால் அங்கிருந்து நேரடியாக வாங்குவதாகச் சொல்கிறீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் அந்த வட்டாரத்து வெல்லக் கொட்டகைகளில், பாகில் கலக்க வைத்திருந்த வெள்ளைச் சர்க்கரை மூட்டைகளைப் பலமுறை பறிமுதல் செய்திருக்கிறார்கள். எல்லாரும் அப்படிச் செய்கிறார்கள் என்பதில்லை. பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காகச் சோடியம் ஹைட்ரோசல்பைட் சேர்ப்பவர்களும் உண்டு. கண்ணைக் கவரும் மஞ்சளைவிட மங்கலான பழுப்பு நிற வெல்லத்தை நம்பி வாங்கலாம்.

மகளுக்கு என்று வாங்கும் “பழுப்புச் சர்க்கரை பிஸ்கட்” உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். மொத்தச் சர்க்கரை எவ்வளவு, அதில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று அச்சிட வேண்டியது இப்போது சட்டப்படி கட்டாயம். முன்பக்கத்துப் படத்தைவிட அந்த எண்ணே பேசட்டும்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது

நீங்களும் மாமியாரும் வெறும் வயிற்றில் மலை இறங்கி வர வேண்டியதில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே பார்த்துவிட்டு, சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு பிறகு பேருந்து ஏறலாம். உங்கள் கணவருக்கு இப்போதே எச்பிஏ1சி எடுப்பதில் பயனில்லை. ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கரண்டியைக் குறைக்கத் தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுங்கள். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது மாத்திரை அட்டையையும் கிரியாட்டினின் அறிக்கையையும் கையோடு கொண்டு போங்கள். பேருந்தில் நடந்த அன்று எத்தனை மணிக்கு மாத்திரை விழுங்கினார், எத்தனை மணிக்கு நடுக்கம் தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.